எலும்புக்கும் பசிக்கும்

"கழுத்துல கத்தி வச்சா கால் எலும்பு ஆறுமாம்! காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

பெரியவள் போனில் தன் தங்கையிடம் பொரிந்துகொண்டிருந்தாள்.

"யாரைச் சொல்றே, உன் ஓரகத்தியையா?"

"வேற யாரை? ஆபரேஷன் ஆகிப் பத்து மாசம். இன்னும் ஒரு வாளி தண்ணி தூக்கமாட்டா மகாராணி. முதல்ல உதடு மரத்துப்போகுதுன்னா. அப்புறம் விரல் குறுகுறுங்குதுன்னா. அவளுக்குக் குறுகுறுக்காத இடம் மனசாட்சி ஒண்ணுதான்!"

அன்று ஓரகத்தியான சின்னவளுக்கு டாக்டரைப் பார்க்கும் நாள். கொழுந்தன் வெளியூரில். துணைக்குப் பெரியவள்தான் போகவேண்டும். போனாள், சந்தோஷமாகவே. டாக்டர் முன்னாலேயே சாயம் வெளுத்துவிடுமே!

உள்ளே நுழைந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"டாக்டர், இவ எலும்பு இன்னும் எத்தனை வருஷம் ஆறும்? ஒரு தேதி சொல்லிட்டீங்கன்னா, அதுவரைக்கும் என் இடுப்பு தாங்குமான்னு பார்த்துக்குவேன்."

டாக்டர் சிரித்தார். "கழுத்துல பாராதைராய்டுன்னு அரிசி மணி அளவுல நாலு சுரப்பி இருக்கும்மா. இவங்களுக்கு அதுல ஒண்ணு வீங்கி, எலும்புல இருக்கிற கால்சியத்தை உருவி உருவி ரத்தத்துல விட்டிருக்கு. அதை எடுத்ததும், பட்டினி கிடந்த எலும்பெல்லாம் கால்சியத்தைத் திரும்ப அள்ளிக்க ஆரம்பிச்சிடுச்சு. ரத்தத்துல குறைஞ்சுபோச்சு. அதான் உதடும் விரலும் மரத்துப்போனது. இப்ப ஸ்கேன்ல எலும்பு நல்லா தேறியிருக்கு."

"உட்கார்ந்தே சாப்பிட்டா எந்த எலும்புதான் டாக்டர் தேறாது?"



டாக்டர் கசங்கிய ரிப்போர்ட் ஒன்றை மேஜைமேல் விரித்தார். "இது ரெண்டு வருஷம் முன்னாடி சிறுநீரகக் கல்லுக்காக எடுத்தது. ரத்தத்துல கால்சியம் அப்பவே ஜாஸ்தி. யாரும் கவனிக்கலை."

"இவ எதைத்தான் கவனிச்சிருக்கா..." என்றபடி குனிந்த பெரியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

ரிப்போர்ட்டில் இருந்தது அவள் பெயர்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. போன தடவை வந்தப்ப, உங்க பீரோவுல இருந்து நான்தான் எடுத்துட்டு வந்து கொடுத்தேன்" என்றாள் சின்னவள். "படியேறும்போது சுவரைப் பிடிச்சுக்கறீங்க. வாளியைத் தூக்கிட்டு, யாரும் இல்லாதப்ப அப்படியே உட்கார்ந்துடறீங்க. கேட்டா ஒத்துக்கமாட்டீங்க. என் வலியும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

பெரியவள் ரிப்போர்ட்டில் இருந்த தன் பெயரை மறுபடி படித்தாள்.

"இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்மா" என்றார் டாக்டர். "அதே சுரப்பிதான்னு உறுதியானா, உங்களுக்கும் ஆபரேஷன். அப்புறம் கொஞ்ச மாசத்துக்குக் கனமா எதுவும் தூக்கக்கூடாது. வீட்டுல பார்த்துக்க ஆள் இருக்காங்களா?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இருக்கேன் டாக்டர்" என்றாள் சின்னவள். "அதுக்குத்தான் என் எலும்பு தேறிடுச்சான்னு முதல்ல கேட்டுக்க வந்தேன்."