தொட்டி நிழல்

சட்டைகள் நல்ல வெயிலில் தொங்கின.

மாடிவீட்டுக்காரி கூழ்வற்றல் தட்டைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

ஐந்து கருப்புச் சட்டைகள். மொட்டை மாடிக் கொடியின் நட்ட நடுவில், மண்டையோடுகள் வெளியே தெரிய. ஓர் ஆட்டுத்தலை. வேலிமுள்ளை அள்ளிக் கொட்டியது போல ஏதோ எழுத்து. அது எந்த மொழி என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

கத்திரி பிறந்து ஆறாம் நாள். வேலூரில் காக்கைகூட நிழலோரமாக நடந்துதான் போகும்.

இதை மிருதுளா காயப்போடவில்லை.

பார்த்தவுடனேயே தெரிந்தது. கீழ்வீட்டுப் பெண் எத்தனை மணிக்குப் பல் தேய்க்கிறாள் என்பதுவரை தெரிந்தவளுக்கு இது தெரியாதா.

மிருதுளா போட்டால் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டித்தான் போடுவாள். அதுவும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில். நிழல் நகர நகர, அரை மணிக்கொரு தரம் மேலே வந்து சட்டைகளையும் நகர்த்துவாள். கைக்குழந்தையை வெயில் படாமல் இடம் மாற்றிக் கிடத்துகிறவள் மாதிரி.

"வெயில் பட்டா வெளுத்துச் சாம்பலாயிடும் ஆன்ட்டி."

சட்டைக்குத்தான் வெயில் ஆகாது. சட்டைக்குள் இருப்பவளுக்கு ஆகும். கொளுத்துகிற மத்தியானத்தில் முழுக்கை, முழங்கால்வரை பூட்ஸ், மணிக்கட்டில் ஆணி பதித்த பட்டை, கண்ணைச் சுற்றி ஒரு சட்டி மை. அந்தக் கோலத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பாள்.

ஏதோ மெட்டல் பாட்டுக் கோஷ்டிச் சட்டை என்று மிருதுளா சொன்னதை யாரும் நம்பவில்லை; தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏதோ வேண்டுதல் என்றார்கள். கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். காதல் தோல்வி என்று கிளப்பிவிட்டது மாடிவீட்டுக்காரிதான்.

ஒரு நாள் வாய் நிற்காமல் கேட்டேவிட்டாள், வேர்க்கவில்லையா என்று.

"வெள்ளை போட்டவங்களுக்கு வேர்க்கலையா ஆன்ட்டி?"

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மற்றதைச் சொல்லியிருந்தாள்.

காட்பாடி ஸ்டேஷனில் பார்த்ததை, மிருதுளாவின் அம்மாவிடம்.

"நாலு பசங்க, சுகந்தி. எல்லாம் கருப்பு. எல்லாத்துக்கும் இடுப்பு வரைக்கும் முடி. அதுல உன் பொண்ணு எதுன்னு கண்டுபிடிக்க எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு போ."

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். சுகந்தியும் சிரிக்கப் பார்த்தாள். உள்ளறையில் இருந்த மிருதுளாவின் அப்பா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சட்டைகள் ஒவ்வொன்றாகத் தெருவில் வந்து விழுந்தன.

மிருதுளா ஒன்றையும் பொறுக்கவில்லை. உடம்பில் இருந்ததோடு நடந்தாள்.

பதினோரு நாள் ஆகிறது. போன் அணைந்தே கிடக்கிறது. பெங்களூரில் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகச் சுகந்தி எல்லோரிடமும் சொல்கிறாள்.

சுகந்திக்குத் தங்கை கிடையாது.

தெரிந்தும் அவள் தலையாட்டினாள்.

புழுதியில் கிடந்ததைச் சுகந்திதான் எடுத்து ஒளித்து வைத்திருக்க வேண்டும். இன்று கணவர் வேலைக்குப் போன பிறகு துவைத்திருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடையைக் காயப்போடுவது போல, நல்ல வெயிலாகப் பார்த்துப் போட்டிருக்கிறாள். பாவம். மகளின் கருப்புத் துணியை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை.

ஆட்டுத்தலைச் சட்டையின் தோளில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் பாய்வது போல் இருந்தது.

வந்து பார்த்தால் அந்தப் பெண் என்ன நினைக்கும்?

அவள் கிளிப்புகளைக் கழற்றினாள். ஒவ்வொரு சட்டையாகப் புரட்டினாள். தரை சுட்டது. கால் மாற்றிக் கால் வைத்துத் தொட்டியோரக் கொடிக்குக் கொண்டுபோனாள். நிழல் ஒரு முழம்தான் இருந்தது. ஐந்தையும் நெருக்கி மாட்டினாள்.

கடைசிக் கிளிப்பு கை தவறித் தொட்டிக்குப் பின்னால் விழுந்தது. எடுக்கப் போனாள்.

படியில் காலடிச் சத்தம்.

சுகந்தி வாளியோடு வந்து நின்றாள். வெறும் கொடியைப் பார்த்தாள். பிறகு நிழலைப் பார்த்தாள்.

புரட்டிப் போட்ட ஐந்து சட்டைகள்.

வாளி விழுந்து உருண்டது.

"மிருது."

மெதுவாகத்தான் சொன்னாள். அடுத்த நொடி படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து அவள் தலையை நீட்டியபோது படியில் யாரும் இல்லை.

கீழே ஒரு கதவு திறந்தது. இன்னொரு கதவு. குளியலறைத் தாழ்ப்பாள்.

"எங்கடி இருக்க? அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் பேசிக்கறேன். வா கண்ணு."

வாசல் கதவு திறந்து மூடியது.

"கடைக்குப் போயிருப்பா" என்று சுகந்தி தனக்குத்தானே சொல்வது கேட்டது.

பிறகு தோசைக்கல்லை எடுக்கும் சத்தம். அடுப்பு பற்றும் சத்தம்.

அவள் கையில் கிளிப்போடு நின்றாள்.

இந்தத் தெருவில் எந்தச் செய்தியையும் முதலில் கொண்டுபோவது அவள்தான். இதையும்.

படியில் ஒரு கால் வைத்தாள்.