ஒரு நாள்கூட விடாமல்

மேடையில் இன்ஸ்பெக்டர் க்ருமோவ் மூன்றாவது முறையாகத் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

தலைமையாசிரியை நெவியானா பக்கத்தில் நின்று, முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பு விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்வி ஒவ்வொரு குழந்தையின் பிறப்புரிமை என்று அவர் சொன்னபோது தலையை ஆட்டினாள். பதினாறு வயதுவரை கட்டாயம் என்றபோது இன்னும் வேகமாக ஆட்டினாள்.

மே இருபத்து நான்கு, பல்கேரிய எழுத்துகளின் திருநாள். எழுத்தை உண்டாக்கிக் கொடுத்த புனிதர்கள் கிரிலும் மெத்தோதியும் சுவரில் பூமாலைக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியெல்லாம் பயன்படும் என்று முன்பே தெரிந்திருந்தால் அவர்களும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

மேடை நடுவில் செவ்தா நின்றாள். பத்து வயது. போட்டிருந்த வெள்ளைச் சட்டை நெவியானாவின் அக்கா மகளுடையது. கையிலிருந்த பென்சில் மட்டும் அவளுடையது, கத்தியால் சீவியது. அதைக் காரிலேயே வைத்துவிட்டு வரும்படி நெவியானா சொல்லியும் கேட்கவில்லை.

"நான்கு ஆண்டுகள். அறுநூற்று நாற்பது பள்ளி நாட்கள். ஒரு நாள்கூட இந்தக் குழந்தை விடுப்பு எடுத்ததில்லை. இந்த மாவட்டத்துப் பதினோராயிரம் பிள்ளைகளில் இவள் ஒருத்திக்குத்தான் இந்தப் பெருமை. இதை நாங்கள் சொல்லவில்லை, கணினி சொன்னது" என்றார் இன்ஸ்பெக்டர்.

அங்கேதான் பிசகிவிட்டது.

நிஜப் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும். அம்மை போடும். வீட்டில் பன்றி அடித்த மறுநாள் வயிற்றுவலி வரும். செவ்தாவுக்கு எதுவுமே வந்ததில்லை.

செவ்தாவே வந்ததில்லை.

வகுப்புக்குப் பத்துத் தலை இருந்தால்தான் பள்ளி திறந்திருக்கும். இருந்தது ஏழு. நெவியானா ஆற்றங்கரையில் ரோமா ஜிப்சிகளின் குடியிருப்புக்குப் போய் மூன்று பெயர்களை வாங்கிவந்தாள். பள்ளி பஸ் அந்தச் சேற்றுப் பாதையில் இறங்காது.

"பேரை மட்டும் குடு தாயி. புள்ளைய அனுப்ப வேணாம். உனக்கு வர்ற அரசாங்க உதவியும் நிக்காது" என்று செவ்தாவின் அம்மாவிடம் சொன்னது அவள்தான்.

மூன்று பேர் வராததால் ஏழு பேர் படித்தார்கள். மற்ற இரண்டு பெயர்களுக்கும் நெவியானா குளிர்காலத்தில் முறையாகக் காய்ச்சல் வரவழைத்தாள். செவ்தாவுக்கு வரவழைக்க மறந்துவிட்டாள்.

இன்று காலையிலேயே அந்த ஏழு பேரையும் மடாலயத்துக்குச் சுற்றுலா அனுப்பியாயிற்று. பிறகுதான் செவ்தாவைக் காரில் ஏற்றிவந்தாள். வழியெல்லாம் ஒரே பாடம்: "வாயத் தொறக்கக் கூடாது. யாராவது ஏதாவது கேட்டா, சிரி."

செவ்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் இடம் எது டீச்சர்? ஜன்னலோரமா?"

பள்ளியில் சேர்க்கத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்திருந்தாள். நெவியானா திருத்தவில்லை.

சான்றிதழ் கைமாறியது. நான்காம் வகுப்புத் தேர்ச்சி, பாடவாரியாக மதிப்பெண்களோடு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை உள்ள சில்லறைகள் கைதட்டின.

செவ்தாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். மழை விட்டதும் நத்தை பொறுக்கி, தராசில் நிறுத்து விற்கிற வீட்டுப் பிள்ளை. விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினாள். ஆறு. ஆறு. ஆறு. விரல் நின்றது.

"இங்க மட்டும் ஏன் டீச்சர் நாலு?"

எல்லாவற்றிலும் ஆறுக்கு ஆறு போட்டால் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று போட்ட நாலு அது.

"அதானே? கணக்குல மட்டும்?" என்று இன்ஸ்பெக்டரும் திரும்பினார்.

"அது வந்து... வகுப்புல ஓயாத பேச்சு சார் இவ. பக்கத்துப் பிள்ளையையும் எழுத விட மாட்டா."

செவ்தா நிமிர்ந்து நெவியானாவைப் பார்த்தாள்.

சிரி என்று நெவியானா கண்ணால் ஜாடை காட்டினாள். இந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போதும், பள்ளிக்குப் பூட்டு. ஏழு பேருக்கும் செவ்தாவின் கதிதான்.

செவ்தா கொஞ்சம் யோசித்தாள். குற்றத்தை ஒப்புக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"இனிமே பேச மாட்டேன் டீச்சர். திங்கக்கெழம எத்தன மணிக்கு வரணும்?"

இன்ஸ்பெக்டர் க்ருமோவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருட உத்தியோகத்தில் அவர் இதுவரை படித்த எந்த உரையிலும் இப்படி ஒரு வரி இல்லை. குனிந்து அவள் தோளில் கை வைத்தார்.

"நீ வர வேணாம் கண்ணு. நீதான் முடிச்சுட்டியே. இந்தப் பள்ளிக்கூடத்துல உனக்குச் சொல்லித்தர இனி ஒண்ணுமே பாக்கி இல்ல."

முதலில் கைதட்டியது நெவியானாதான்.

புகைப்படக்காரர் பென்சிலைக் கீழே வைக்கச் சொன்னார். சான்றிதழை அது மறைக்கிறதாம்.

நகரத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நான்கு தலை குறைகிறது என்று போன வாரமே நெவியானாவுக்குப் போன் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் செவ்தாவின் கோப்பு மட்டும் நகரத்துக்குப் போனது.

கூட்டம் இல்லை. ஜன்னலோர இடமே கிடைத்தது.