அச்சு முன்னால் நின்ற நாள்

ஒரு ஜவுளிக்கடைக் கணினிக்குள் சல்லடை, அச்சு, கூடை என மூவர் வேலை பார்த்தார்கள். வாடிக்கையாளர் பட்டியல் ஓடிவரும்போது, இறந்தவர் என்று குறித்திருக்கும் பெயர்களைச் சல்லடை நிறுத்திவிடும். மிச்சப் பெயர்களை அச்சு பிறந்தநாள் வாழ்த்தாக மாற்றும். கூடை சேர்த்து அனுப்பும்.

ஒருநாள் அச்சு முறைத்தது. "அழகா மாத்துறவன் நான். உனக்குப் பின்னாடி எதுக்கு நிக்கணும்? தள்ளு!"

"எங்க நின்னா என்ன, வேலை ஒண்ணுதானே" என்று சல்லடை வழிவிட்டது.

அன்று சல்லடையிடம் வந்தவை அச்சு ஏற்கெனவே மாற்றிவிட்ட வெறும் வாழ்த்துகள். வாழ்த்தாக மாறியபோதே 'இறந்தவர்' என்ற குறிப்பு உதிர்ந்துவிட்டதால், எதிலும் எந்தக் குறிப்பும் இல்லை.

"அட, இன்னைக்கு இறந்தவங்க யாருமே இல்ல!" என்று மகிழ்ந்து எல்லாவற்றையும் விட்டது.

மறுநாள் வந்த பதிலைப் படித்த கூடைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அம்மா தவறிட்டாங்கன்னு நானே கடைக்கு வந்து சொன்னேனே. நூறு வயசு வாழச் சொல்லி யாருக்கு அனுப்பியிருக்கீங்க?"