கடைசி மூன்று நொடி

ஒலி புகாத அறையின் கதவைச் சாத்திவிட்டுப் புது ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

மேசையில் இன்னும் இரண்டு கிடந்தன. ஒன்றின் உள்ளே அதிர்வது காகிதத் தகடு, இன்னொன்றில் பிளாஸ்டிக். புதிதில் இருப்பது கிராஃபீன். பென்சில் முனையில் இருக்கிற அதே கரிதான். ஆனால் அதன் மெலிவுக்கு முன்னால் தலைமுடியே வடக்கயிறு, உறுதிக்கு முன்னால் எஃகு கைகட்டி நிற்கும் என்று அதை உருவாக்கிய எஞ்சினியர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷன் தோற்றான்.

அந்த ஹெட்போன் ஆலையில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். அவள் காதைத் தாண்டாமல் எந்தத் தகடும் கடைக்குப் போனதில்லை. ஒவ்வொரு பரிசோதகரும் தனக்கு மனப்பாடமான ஒரு பதிவை வைத்துத்தான் கேட்க வேண்டும். மற்றவர்கள் வயலினும் மழையும் வைத்திருந்தார்கள். அவளுடையது பதினோரு நொடி. படிவத்தில் 'ஆண் குரல்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

அந்த ஆண் அவள் கணவன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாத ஒரு சண்டை. மறுநாள் அவன் போன் செய்தான். வீம்புக்கு அவள் எடுக்கவில்லை. குரல்பதிவில் பேசிவிட்டு வைத்துவிட்டான்.

"சாவிய பக்கத்து வீட்ல குடுத்திருக்கேன். சரி, வச்சிடுறேன்."

அன்று சாயங்காலம் ஒரு லாரி அவனை வீடு வந்து சேர விடவில்லை.

'வச்சிடுறேன்' என்பதற்கும் இணைப்பு அறுவதற்கும் நடுவே மூன்று நொடி இருக்கிறது. அதில் ஏதோ ஒரு முணுமுணுப்பு.

கோபம் தீர்ந்துவிட்டால் அவளைப் பூசணி என்றுதான் கூப்பிடுவான். அன்று கூப்பிட்டானா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை வருடமும் ஏங்கிச் செத்தாள். காகிதத் தகட்டில் பாதிப் பெயர் கேட்டது. பிளாஸ்டிக்கில் அதுவும் குழறியது. நல்ல தகடு ஒன்று வந்தால் முழுசாகக் கேட்டுவிடும் என்று காத்திருந்தாள்.

பொத்தானை அழுத்தினாள்.

பக்கத்தில் நின்று பேசினான். சாவி என்பதற்கு முன்னால் அவன் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. ஏழு வருடத்தில் அவள் கேட்டறியாதது.

"...வச்சிடுறேன்."

அப்புறம் தூரத்தில் ஒரு ஹாரன். யாரோ ஷட்டரை இறக்குகிறார்கள். இணைப்பு அறுந்தது.

மறுபடி கேட்டாள். மறுபடியும். காகிதத்தை மாட்டினால் முணுமுணுப்பு இருந்தது. கிராஃபீனை மாட்டினால் இல்லை.

எச்சில் விழுங்குவதையே காட்டிக்கொடுக்கிற தகடு ஒரு பெயரை மறைக்காது. கனத்த தகடு குரல் நின்ற கையோடு நிற்காது. ஊஞ்சல் மாதிரி கொஞ்சம் ஆடிவிட்டுத்தான் ஓயும். அந்த ஆட்டமும் ஒரு சத்தமாகக் காதில் விழும். தகடு பேசுது என்பார்கள் பரிசோதகர்கள். அந்தக் குற்றத்துக்காக அவளே நூற்றுக்கணக்கான தகடுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

இத்தனை நாளும் அவளைக் கூப்பிட்டது அவன் இல்லை.

சுவரில் இருந்த ஸ்பீக்கரில் எஞ்சினியரின் குரல் வந்தது. "அக்கா, கடைசில தகடு பேசுதா?"

பேசுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிராஃபீன் குப்பைக்குப் போகும்; காகிதம் இன்னும் பத்து வருடம் ஓடும். யார் கேட்கப் போகிறார்கள் பாம்புக்காதை?

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இல்ல தம்பி. ஒண்ணும் பேசல."

எஞ்சினியர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவள் படிவத்தை இழுத்துப் பத்துக்குப் பத்து போட்டாள். அவள் கையால் விழுந்த முதல் பத்து அது.

அவர் கதவைத் திறக்க வந்தார். ஒரு நிமிஷம் என்று அவள் விரலைக் காட்டினாள்.

காகிதத் தகட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.