பல்லவிக்கு முன்

"போடுங்க மாப்ள," என்றாள் மாமியார்.

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணித் தொடருக்கும் அப்படித்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் டிவி முன் உட்காருவாள். முகம் தெரியக் கூடாது. குரல் போதும்.

திரையில் அழுவது நடிகை லோஹிதா. அழும் குரல் அவன் மனைவியுடையது.

ஐந்து வருடத் தொடர். லோஹிதா வாயசைப்பாள். விருகம்பாக்கத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவின் கண்ணாடி அறைக்குள் நின்று தேன்மொழி பேசுவாள்.

தேன்மொழி இறந்து நான்கு மாதம் ஆகிறது.

தொடரில் இப்போது வேறு குரல். மதியம் போடுவது பழைய எபிசோடுகள். அதனால் மதியம் மட்டும் டிவி ஓடும். மகளின் காரியத்துக்கு வந்த மாமியார் இன்னும் ஊர் திரும்பவில்லை.

லோஹிதா பாடியிருக்கிறாள். முதல் ஆல்பம். ஐந்து பாட்டு. காலைப் பேப்பரில் மைக் முன் நிற்கும் படம் வந்திருந்தது. மாமியார் அதைக் கத்தரித்து வைத்திருந்தாள்.

"நம்ம தேனு எப்ப மாப்ள பாடுனா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

நடிகையே பாடியது என்று அவன் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான்.

செல்போனை ஸ்பீக்கரில் இணைத்தான்.

ஃபேனை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான்.

கிடார். கொஞ்சம் மழைச் சத்தம். பிறகு ஒரு பெண் குரல்.

கட்டைக் குரல். லேசான கரகரப்பு. சுருதி விலகவில்லை. மோசமில்லை.

மாமியார் அசையவில்லை. முதல் சரணம் முடியும் வரை பொறுத்தாள்.

"யாரு இது?"

"அந்த நடிகைதான், அத்தை. சொந்தக் குரல்."

பாட்டு ஓடியது.

"இம்புட்டுக் கட்டக் குரலா அவளுக்கு? அதான் நம்ம பிள்ளையப் பேச வச்சிருக்காங்க."

சிரித்தாள். பிறகு கண்ணாடியை எடுத்துச் சேலை முந்தியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் எழுந்து நிறுத்தப் போனான். அதற்குள் அடுத்த பாட்டு.

இதில் வாத்தியம் இல்லை. எடுத்தவுடன் குரல்.

குரலுக்கு முன் ஒரு மூச்சு.

சின்ன மூச்சு. பாதியில் தடுக்கி, பிறகு உள்ளே போகிற மூச்சு.

தேன்மொழி எதைச் சொல்வதற்கு முன்பும் அப்படித்தான் இழுப்பாள். உப்பு போதுமா என்று கேட்பதற்கு முன். போனில் அம்மா என்பதற்கு முன். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்து மடித்து, சரி என்று சொல்வதற்கு முன்.

மாமியாரின் கை நின்றது.

"தேனு," என்றாள்.

அவன் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணமான புதிதில் தேன்மொழியின் பையிலிருந்த வசனப் பேப்பரைப் பார்த்தான். வரிகளுக்கு நடுவே பென்சில் கோடுகள். என்ன என்று கேட்டான்.

"லோஹிதா எங்க மூச்சு இழுக்குறாங்களோ அங்கதான் நானும் இழுக்கணும். இல்லன்னா உதடு ஒட்டாது."

அவன் தேன்மொழியை முதன்முதலில் பார்த்தது மூன்று வருடத்துக்கு முன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே அவள் லோஹிதாவுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நம்ம தேனுதான மாப்ள?"

கட்டைக் குரல் பல்லவியை முடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா, அத்தை."

பாட்டைப் பின்னுக்கு இழுத்தான். மூச்சு வந்தது. குரல் எழும் முன் நிறுத்தினான்.

"இன்னொரு தடவ."

வைத்தான். நிறுத்தினான்.

"இன்னொரு தடவ."

அவனிடம் கழற்றுவதற்குக் கண்ணாடி இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு, செல்போனை விரலால் தடவி மூச்சு வரும் இடத்தைத் தேடினான்.