கிங்ஸ்லி வேனின் பேட்டரி

குத்துக்கல்வலசை கிங்ஸ்லி, சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களுக்குக் கேம்பர் வேன் வாடகைக்கு விடுகிறான். வேனில் ஃபேன், ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் லித்தியம் பேட்டரியில்தான் ஓட வேண்டும். இந்த வருஷம் சாரல் தொடங்கி ஒன்றரை மாதமாகிறது. சார்ஜ் மீட்டர் நூறிலிருந்து இறங்கவே இல்லை. நல்ல பேட்டரி என்று கிங்ஸ்லி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான்.

அன்று காலை அவன் மனைவி ரெபேக்காள் கட்டிலுக்கடியில் பெருக்கினாள். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளோடு வேன் பேட்டரியும் கிடந்தது.

"ஏங்க, குடிலுக்கு லைட்டு போடக் கழத்துனியளே, திரும்ப மாட்டலியா?"

கிங்ஸ்லி ஓடிப்போய் வேனின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். உள்ளே இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

பேட்டரியைத் தூக்கிவந்து மாட்டினான். ஃபேன் நின்றது. கழற்றினான். சுற்றியது.

"இது கட்டிலுக்கடியிலயே கெடக்கட்டும் ஏட்டி. ஆகஸ்ட் வரைக்கும் புக்கிங் இருக்கு."

மறுநாள் வேன் எடுக்க வந்த மதுரைக்காரர் கேட்டார். "லித்தியம் பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும், தம்பி?"

"இருந்தாத்தானே அண்ணாச்சி தீந்துபோவும்?" என்றான் கிங்ஸ்லி.

மீட்டர் நூற்றொன்று காட்டியது.