சாப்பாட்டு நேரத்து மெசேஜ்

மத்தியானம் ஒரு மணிக்கு, ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில், வழக்கம்போலத் தேவிப்ரியாவின் போன் 'டிங்' என்றது. எதிரே உட்கார்ந்திருந்த கார்த்திகாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"எங்க வீட்டுக்காரருதான்" என்று டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னாலேயே வாசித்துக் காட்டினாள் தேவிப்ரியா. "சாப்பிட்டியாம்மா? வெயில்ல அலையாத."

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு புதுக்கோட்டை வெயிலுக்குக் கவலைப்படுகிற புருஷன்! எத்தனை பேருக்கு வாய்க்கும்? கார்த்திகாவுக்கு வாய்த்த ஆனந்தராஜ் இருப்பது இந்தா இருக்கிற கந்தர்வக்கோட்டையில். முந்திரி வியாபாரம். இவள் நாலு வரி அனுப்பினால், பொழுது சாய்ந்து 'ம்' என்று ஒற்றை எழுத்து திரும்பி வரும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அடக்கமாட்டாமல் கேட்டே விட்டாள். "தேவிப்ரியா புருஷனப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா?"

அவ்வளவுதான். ஆனந்தராஜ் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். காலையில் இவளும் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டாள். வழியெல்லாம் கோபம் புருஷன்மேல் கூட இல்லை, அந்தத் தேவிப்ரியாமேல்தான்.

ஆபீஸிலும் அவள் கொடிதான் பறந்தது. கட்டுமாவடி, மீமிசல் பக்கத்து மீனவர்களின் போனுக்கு மீன் விலையும் கடல் நிலவரமும் நோட்டிபிகேஷனாக அனுப்புவது இவர்கள் ஆபீஸ். அனுப்புகிற ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் தேவிப்ரியா எழுதியது. யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன என்று ஒருதடவை சொல்லிவிட்டால் போதும். சர்வரில் உட்கார்ந்துகொண்டு தினமும் அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். முதலாளி வாய்க்கு வாய் அவளைத்தான் புகழ்வார்.

இன்று அதில் நண்டு விலையையும் சேர்க்கச் சொல்லி கார்த்திகாவிடம் கொடுத்திருந்தார்.

சோதித்துப் பார்க்கும்போது கை தவறி மீனவர்களுக்கு எதுவும் போய்விடக் கூடாது. அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிகிற வரைக்கும் சர்வரிலிருந்து கிளம்புகிற நோட்டிபிகேஷன் அத்தனையும், யாருக்குப் போகவேண்டியதாக இருந்தாலும், சோதிக்கிறவர் தன் போனுக்கே திருப்பிவிட்டுக்கொள்ள வேண்டும். செய்வதற்கு முன்னால் தேவிப்ரியாவிடம் சொல்லவும் வேண்டும்.

கார்த்திகா திருப்பிவிட்டாள். சொல்லத்தான் இல்லை. அவகிட்டப் போய் நிக்கணுமாக்கும்!

ஒரு மணி ஆயிற்று. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு கார்த்திகாவும் சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். தேவிப்ரியாவின் போன் சத்தமே போடவில்லை.

ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷமும் போயிற்று. கார்த்திகாவுக்கு அன்றைக்கு வெறும் ரசம் சோறு பாயசமாக இறங்கியது.

அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அன்புமொழி அக்கா விடுகிற ஆளா? "என்ன ப்ரியா, இன்னைக்கு ஒங்க ஆளு மறந்துட்டாரா?"

"வரும்க்கா" என்ற தேவிப்ரியா போனை எடுத்துப் பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

கார்த்திகா மனசு குளிர எழுந்துபோய்க் கை கழுவினாள். அப்படியே தன் இடத்துக்கு வந்து போனை எடுத்தாள். மத்தியான மீன் விலை, நண்டு விலை எல்லாம் ஒழுங்காக வந்திருந்தன. அவற்றுக்கு மேலே இன்னொன்றும் இருந்தது.

'சந்தோஷ்: சாப்பிட்டியாம்மா? வெயில்ல அலையாத.'

சீ! தேவிப்ரியா புருஷனுக்கு இவளிடம் என்ன பேச்சு? முகம் சிவந்துவிட்டது கார்த்திகாவுக்கு. இருக்கட்டும், இன்றைக்கு அவள் மானத்தை வாங்கிவிடலாம் என்று இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள்.

சிங்கப்பூரிலிருந்து ஒருத்தன் அனுப்புவது இந்தப் போனுக்கு எப்படி வரும்? இவள் திருப்பிவிட்டது தங்கள் சர்வரிலிருந்து கிளம்புவதை மட்டும்தானே?

அப்படியானால் இதுவும் சர்வரிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. மீன் விலை போகிற மாதிரி, தினமும் ஒரு மணிக்கு, தேவிப்ரியாவே தனக்கு அனுப்பிக்கொள்கிறாள்.

கார்த்திகா சாப்பாட்டு மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சந்தோஷ்குமார் கடைசியாக ஊருக்கு வந்துபோய் ரெண்டு வருஷம் ஆகிறது. கேட்டால், லீவு கிடைக்கவில்லை என்பாள். எல்லாரும் நம்பினார்கள். தினமும் மெசேஜ் வருகிறதே!

அங்கே அன்புமொழி அக்கா இன்னும் விடவில்லை. "ஆளுந்தான் வரல, இப்ப மெசேஜும் நின்னுபோச்சா? எதும் பிரச்சினைன்னா சொல்லுடி." மேஜையில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தேவிப்ரியா குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

போனை நீட்டினால் போதும். தேவிப்ரியாவின் பெருமையெல்லாம் இந்த நிமிஷத்தோடு சரி. இத்தனை நாள் கார்த்திகா ஆசைப்பட்டது இதற்குத்தான்.

கார்த்திகா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். திருப்பிவிட்டதையெல்லாம் பழையபடி அவரவர் போனுக்கே போகிற மாதிரி மாற்றினாள். பிறகு மடமடவென்று ஒரு வரி டைப் செய்து அனுப்பினாள்.

'டிங்.'

தேவிப்ரியா பாய்ந்து போனை எடுத்தாள்.

"சந்தோஷ்... வேலையில லேட்டாயிருச்சும்மா, கோவிச்சுக்காத. மொதல்ல நீ..."

பாதியில் அவளுக்குக் குரல் நின்றுவிட்டது. அது அவள் எழுதி வைத்த வரி இல்லை. மெல்ல நிமிர்ந்து கார்த்திகாவைப் பார்த்தாள்.

"மொதல்ல நீ சாப்பிடுன்னுதான போட்டிருக்காரு?" என்று ஆபீஸுக்கே கேட்கும்படி சொன்னாள் கார்த்திகா. "குடுத்து வச்சவடி நீ. எனக்குப் பொறாமையா இருக்கு."